இதயம் நிண்டு திரும்பி வந்த ஆக்கள் வீட்ட வந்தாப் பிறகு எப்பிடி இருக்கினம்?

வாணி_ஸ்காபரோ:

எல்லாருக்கும் வணக்கம். கன காலமா இங்க வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் முதல்முதலா எழுதுறன்.

என்ர இவருக்கு 54 வயசு. ஏழு மாசத்துக்கு முந்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வாசல்ல ஸ்னோ தள்ளிப்போட்டு உள்ள வந்து சப்பாத்துக் கழட்டக் குனிஞ்சவர் அப்பிடியே விழுந்திட்டார். நான் மயக்கம் எண்டு நினைச்சுத் தண்ணி எடுக்க ஓடினன், திரும்பி வந்து பாத்தா கண் திறந்தபடி இருக்கு, குறட்டை மாதிரி ஒரு இழுவை வருது, பேந்து அதுவும் இல்லை. 911 அடிச்சு, அவை போனில சொல்லச் சொல்ல நெஞ்சை அமத்தி, பரமெடிக் ஆக்கள் வந்து ரெண்டு தரம் ஷொக் குடுத்து, தொண்டைக்குள்ள குழாய் வைச்சு, ஊசி மருந்து ஏத்தி, எல்லாமா 20 நிமிசத்துக்குக் கிட்டப் போச்சு நாடி திரும்ப வர. இதயக் குழாயில அடைப்பு, ஸ்டென்ற் வைச்சவை. அஞ்சு நாள் வென்ரிலேற்றரில இருந்தவர். 19ஆம் நாள் நடந்து வீட்ட வந்திட்டார்.

சனம் எல்லாம் பழங்களோட வந்து பாத்திட்டு, கடவுள் திருப்பித் தந்திட்டார், உன்ர தாலிப் பாக்கியம் எண்டு சொல்லிட்டுப் போச்சுதுகள். நானும் அப்பிடித்தான் நினைச்சனான். இப்பவும் நன்றி கெட்டுப்போய் எழுதேல்லை, தயவு செய்து அப்பிடி எடுக்காதேங்கோ.

ஆனா வந்த ஆள் வேற மாதிரி இருக்கிறார். ஒரு கொம்பனியில கணக்குப் பாத்தவர், சொந்தக்காரரிண்ட போன் நம்பர் எல்லாம் மனப்பாடம். இப்ப காலமை கேட்ட கேள்வியை மத்தியானமும் கேக்கிறார். கேத்திலை அடுப்பில வைச்சிட்டு மேல போய்ப் படுக்கிறார், ரெண்டு கேத்தில் எரிஞ்சு போச்சு. பிறந்தநாள் விழா எண்டு ஒரு ஹோலுக்குக் கூட்டிக்கொண்டு போனன், பாட்டுச் சத்தமும் சனம் கதைக்கிற சத்தமும் தாங்கேலாமல் அரை மணித்தியாலத்தில காருக்குள்ள போய் இருந்திட்டார். ரீவியில ஒண்டுமில்லாத விசயத்துக்கு அழுகிறார். சின்னப் பிழைக்குக் கத்துறார், 26 வருசத்தில என்னோட ஒருநாளும் கத்தாத மனுசன். பின்னேரம் மூண்டு மணி எண்டா பற்றறி முடிஞ்ச மாதிரி விழுந்து படுத்திடுவார்.

ஹார்ட் டொக்டர் பாத்திட்டு இதயம் நல்லா வேலை செய்யுது, ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு பத்து நிமிசத்தில அனுப்பிட்டார். அப்ப இதெல்லாம் என்ன? மருந்தாலயா, மூளையாலயா, மனசாலயா? இப்பிடிப் பிழைச்ச ஆக்கள் யாரும் இங்க இருக்கிறீங்களா? இது மாறுமா?

தாமரை:

வாணி அக்கா, படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. இந்த விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது, ஆனா நன்றி கெட்டவங்க மாதிரி எதுவும் எழுதல நீங்க, அது மட்டும் சொல்லிக்கறேன். தெரிஞ்சவங்க யாராவது வந்து சொல்லுங்க.

ஐசியூ_அக்கா (சென்னை):

வாணி, நான் 17 வருஷமா இதய ஐசியூல நர்ஸ். நீங்க எழுதினது ஒவ்வொண்ணும் நான் வேற வேற வீட்டுக்காரங்க வாயில கேட்டதுதான். முதல்ல ஒண்ணு சொல்றேன், உங்க வீட்டுக்காரர் சோம்பேறித்தனமோ வீம்போ பண்ணல, நீங்களும் கற்பனை பண்ணல.

இதயம் நின்னா அடுத்த சில நொடியிலயே மூளைக்கு ரத்தம் போறது நின்னுடும். நாலஞ்சு நிமிஷம் தாண்டிட்டா மூளை செல்லு சாக ஆரம்பிக்கும், ஆனா எல்லாம் ஒரே நேரத்துல சாகாது. காதுக்கு உள்பக்கமா ஆழத்துல ஹிப்போகாம்பஸ்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, புது ஞாபகத்தைப் பதிய வைக்கறது அதுதான், ஆக்சிஜன் குறைஞ்சா முதல்ல அடி வாங்கற இடத்துல அதுவும் ஒண்ணு. அதனாலதான் முப்பது வருஷம் முன்னாடி நடந்த கல்யாணத்துல என்ன சாப்பாடுன்னு சொல்வாங்க, காலைல மாத்திரை போட்டமான்னு தெரியாது. அடுத்தது திட்டம் போடறது, ரெண்டு வேலையை ஒண்ணா பாக்கறது, சத்தத்துக்கு நடுவுல ஒருத்தர் பேச்சை மட்டும் பிரிச்சுக் கேக்கறது, இதெல்லாம் மூளைக்கு ரொம்ப செலவு வைக்கற வேலை. விழா ஹால்ல அவருக்குத் தாங்காம போனதும், மூணு மணிக்குப் படுக்கறதும் ஒரே காரணமா இருக்கலாம். நாள் முழுக்க மூளை ரெண்டு மடங்கு பாடுபட்டுத்தான் சாதாரண மனுஷன் மாதிரி உக்காந்திருக்கு.

ஆஸ்பத்திரியில எங்க கணக்குல என்ன எழுதுவோம் தெரியுமா, மூளை எப்படி இருக்குன்னு 1ல இருந்து 5 வரைக்கும் ஒரு மார்க், 5னா மூளைச்சாவு, 1னா நல்லா இருக்காரு. உங்க வீட்டுக்காரர் 1 இல்லன்னா 2 வாங்கியிருப்பாரு. தன் வேலையைத் தானே பாத்துக்கிட்டு பேசி நடந்தா 1 இல்லன்னா 2, ரெண்டுமே நல்ல மார்க்குதான். ஆனா அந்த நல்ல மார்க் வாங்கினவங்க வீட்டுக்குப் போய் கரண்ட் பில் கட்ட முடியாம நிக்கறதை அந்த மார்க் காட்டாது. இதயம் நின்னு பிழைச்சவங்கள்ல பாதிப் பேர் கிட்ட ஞாபகமோ கவனமோ ஏதோ ஒரு குறை இருக்குன்னுதான் ஆய்வுகள் பலதும் சொல்லுது, பெரும்பாலும் லேசானது, ஆனா அந்த லேசானதுதான் வேலையை, குடும்பத்தைப் புரட்டிப் போடும்.

மாறுமான்னு கேட்டீங்க. அதிகமான தேற்றம் முதல் மூணு மாசத்துல வரும், அப்புறம் மெதுவா ஒரு வருஷம் வரைக்கும் வரும். ஏழு மாசம்னா இன்னும் வாசல் மூடல. அதோட அடைப்புக்குக் குடுக்கற மாத்திரையில பீட்டா பிளாக்கர்னு ஒண்ணு இருக்கும், அதுவே சிலரை அசத்தும், நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க, நேரத்தை மாத்தியோ அளவை மாத்தியோ குடுப்பாங்க.

இன்னொண்ணு. 2021ல ஐரோப்பிய மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து போட்ட வழிகாட்டியில, இதயம் நின்னு பிழைச்சவரை டிஸ்சார்ஜ் ஆன மூணு மாசத்துக்குள்ள திரும்பக் கூப்பிட்டு ஞாபகம், மனநிலை, சோர்வு மூணையும் பரிசோதிக்கணும், வீட்டுக்காரங்களையும் சேர்த்து விசாரிக்கணும்னு தெளிவா எழுதியிருக்கு. அமெரிக்காக்காரங்க 2020ல தங்களோட உயிர் காக்கும் சங்கிலிப் படத்துல ஆறாவதா ஒரு வளையமே சேர்த்தாங்க, பேரு மீட்சி. எழுதி வெச்சிருக்காங்க, ஆனா கேக்காம எந்த ஊர்லயும் அது தானா நடக்கறதில்ல. இதய டாக்டர் இதயத்தைப் பாக்கறாரு, மூளையைப் பாக்க யாரும் இல்ல. அதனால உங்க குடும்ப டாக்டர்கிட்ட போய், மூளைக்கு ஆக்சிஜன் குறைஞ்ச பாதிப்பு இருக்கான்னு சோதிக்கணும்னு இந்த வார்த்தையிலயே கேளுங்க.

சிங்கை_குமரன்:

அக்கா வணக்கம். நான் பிழைச்ச ஆளு. நாலு வருஷம் ஆச்சு, அப்ப வயசு 43.

எனக்கு அடைப்பு இல்ல, இதயத் தசையில பிறவியிலேயே கோளாறு. வீட்டுல ராத்திரி சாப்பாட்டுத் தட்டோட சாஞ்சிட்டேன். வீட்டுக்காரி 995 அடிச்சா, அந்தப் பக்கம் பேசினவங்க போனை ஸ்பீக்கர்ல போடு, ரெண்டு கையையும் நெஞ்சு நடுவுல வை, நான் எண்றேன் நீ அமுக்குன்னு சொல்லிக் குடுத்தாங்க. இங்க ஒரு ஆப் இருக்கு, பக்கத்துல யாருக்காவது இதயம் நின்னா பதிவு பண்ணி வெச்சிருக்கற பொதுமக்களுக்குத் தகவல் போகும், எங்க பிளாக்குல ஒரு மலாய்க்காரப் பையன் அதைப் பாத்துட்டு கீழ லிஃப்ட் பக்கத்துல மாட்டியிருந்த ஏஇடியை, அதான் ஷாக் குடுக்கற பெட்டியை, தூக்கிட்டு ஓடி வந்தான். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஒரு ஷாக் குடுத்தாச்சு. இதெல்லாம் எனக்குச் சொல்லித்தான் தெரியும், எனக்கு அன்னைக்கு மட்டும் இல்ல, அதுக்கு முந்தின ஒரு வாரமே ஞாபகத்துல இல்ல.

உள்ள ஐசிடி வெச்சிருக்காங்க, இடது தோளுக்குக் கீழ தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசா. இதயம் மறுபடி தாறுமாறா துடிச்சா அதுவே ஷாக் குடுக்கும். கப்பல் பட்டறையில வெல்டிங் வேலை பாத்தேன், அந்த மின்சாரம் கருவியைக் குழப்பும்னு டாக்டர் வேணாம்னுட்டாரு. 19 வருஷத் தொழில். இப்ப ஸ்டோர்ல சாமான் எண்ற வேலை, சம்பளம் குறைவு. போனை இடது சட்டைப் பாக்கெட்டுல வைக்கறதில்ல, ஒரு ஜாண் தள்ளியே வெச்சுக்கணும், இண்டக்ஷன் அடுப்புக்கிட்டயும் தள்ளித்தான் நிக்கறது. இதெல்லாம் பழகிடும் அக்கா. பழகாதது ரெண்டாவது வருஷம் வந்த ஷாக்தான். பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தேன், உள்ள இருந்து ஒரு மாடு முட்டின மாதிரி. ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்புறம் ஆறு மாசம் நான் அந்த பஸ் ஸ்டாப்புக்குப் போகல, வேகமா நடக்கல, பொண்டாட்டி கிட்டக்கூட நெருங்கல, துடிப்பு ஏறினா திரும்ப அடிச்சிடுமோன்னு. உயிரைக் காப்பாத்தற சாமானைப் பாத்து நான் பயந்து செத்தேன்.

கோபமும் அழுகையும் எனக்கும் இருந்துச்சு. ஒரு மனநல ஆலோசகர்கிட்ட எட்டு தடவை போனேன், அதுக்கப்புறம்தான் ஆளானேன். நம்ம ஆளுங்க இதுக்குப் போக வெக்கப்படுவாங்க, அண்ணனைக் கூட்டிட்டுப் போங்க.

கேத்தில் விஷயம்: தானா நிக்கற எலக்ட்ரிக் கேத்தில் வாங்கிடுங்க, அடுப்புப் பிரச்சினையே இல்ல. சின்ன நோட்டு ஒண்ணு சட்டைப் பாக்கெட்டுல. ஒரு நேரத்துல ஒரு வேலை. களைச்சதுக்கு அப்புறம் படுக்கறது இல்ல, களைக்கறதுக்கு முன்னாடியே படுக்கறது, எனக்கு இதுதான் பெரிய மாத்தம் குடுத்துச்சு.

வாணி_ஸ்காபரோ:

ஐசியூ அக்கா, குமரன் தம்பி, நான் இதை ரெண்டு தரம் வாசிச்சு அழுதிட்டன். ஏழு மாசத்தில முதல் தரமா ஒராள் ஓம் இது இருக்கிறதுதான் எண்டு சொல்லியிருக்கிறீங்கள்.

ஒரு சந்தேகம். குமரன் தம்பிக்கு வைச்ச அந்த ஐசிடி எங்கட ஆளுக்கு ஏன் வைக்கேல்லை? எனக்கு ஒவ்வொரு இரவும் அதே யோசினைதான், எழும்பி மூச்சு வருதா எண்டு பாக்கிறன்.

ஐசியூ_அக்கா (சென்னை):

காரணம் வேற வேறம்மா. குமரனுக்கு இதயத் தசையிலேயே குறை, அது எப்ப வேணா திரும்ப வரலாம், அதனால கருவி. உங்க வீட்டுக்காரருக்கு அடைப்பு வந்து இதயம் நின்னுது, அடைப்பை எடுத்தாச்சு, அதாவது காரணத்தையே எடுத்தாச்சு. அப்படிப்பட்டவங்களுக்கு உடனே வைக்க மாட்டாங்க, சில வாரம் கழிச்சு எக்கோவுல, அதாவது இதய ஸ்கேன்ல, பம்ப் பண்ற அளவு பாத்து ரொம்பக் குறைவா, 35 சதவீதமோ அதுக்கும் கீழயோ இருந்தாத்தான் யோசிப்பாங்க. டாக்டர் நல்லா வேலை செய்யுதுன்னு சொன்னதுக்கு அர்த்தம் அதுதான். அடுத்த தடவை போறப்ப அந்த சதவீத நம்பரைக் கேட்டு எழுதி வெச்சுக்குங்க, நம்பரைப் பாத்தா உங்களுக்கும் ராத்திரி தூக்கம் வரும்.

திருச்சி_மகள்:

நான் எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு யோசிச்சு எழுதறேன். வாணி அக்கா, உங்களைப் பயமுறுத்த இல்ல.

எங்க அப்பா 61. ரெண்டு வருஷம் முன்னாடி விடியக்காலைல பாத்ரூம்ல விழுந்துட்டாரு. வீட்டுல நாங்க நாலு பேர், நாலு பேருக்கும் சிபிஆர்னா, அதாவது நெஞ்சை அமுக்கி ரத்தத்தை ஓட வைக்கறதுன்னா, என்னன்னு தெரியாது. முகத்துல தண்ணி தெளிச்சோம், உள்ளங்கால் தேச்சோம், கையில இரும்புச் சாவியக் குடுத்தோம், பக்கத்து வீட்டு அண்ணன் கார் எடுத்துட்டு வர்றதுக்குள்ள பத்து நிமிஷம், ஆஸ்பத்திரி போக பதினஞ்சு நிமிஷம். அங்க எல்லாம் பண்ணாங்க, ஷாக், ஊசி, குழாய், வென்டிலேட்டர். இதயத்தைத் திரும்ப ஓட வெச்சுட்டாங்க. டாக்டர் வந்து காப்பாத்திட்டோம்னு சொன்னப்ப எங்க அம்மா அவர் கால்ல விழுந்தாங்க.

அப்பா கண்ணு முழிப்பாரு. யாரையும் தெரியாது. கழுத்துல மூச்சுக்கு ஓட்டை போட்டு ட்ராக்கி குழாய், மூக்குல ட்யூப், மூணு மணிக்கு ஒரு தடவை கஞ்சி ஊத்தணும், ரெண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். ஏர் பெட் போட்டும் முதுகுல புண்ணு வந்துச்சு. அம்மா ரெண்டு வருஷமா வாசலைத் தாண்டல. நான் சென்னையில வேலையை விட்டுட்டு வந்துட்டேன். இங்க ஊசியும் குழாயும் பத்தி எல்லாரும் எழுதறீங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அன்னைக்கு வீட்டுல யாராவது நெஞ்சை அமுக்கியிருந்தா அப்பா இப்ப பேசியிருப்பாரா?

கேள்வியன்:

மன்னிக்கணும் திருச்சி சகோ, ரொம்ப கஷ்டமா இருக்கு. ஆனா ஒரு விஷயம் புரியல. கால்பந்து வீரர் எரிக்சன் 2021 ஜூன் 12 அன்னைக்கு கோபன்ஹேகன்ல டிவியில உலகமே பாக்க விழுந்தாரு, அடுத்த வருஷம் பிப்ரவரியில உள்ள ஐசிடியோட இங்கிலீஷ் லீக்ல விளையாடினாரு, 2024 யூரோவுல கோல் கூட அடிச்சாரு. ஒருத்தர் கோல் அடிக்கறாரு, ஒருத்தர் கேத்திலை மறக்கறாரு, ஒருத்தர் கண்ணு மட்டும் முழிக்கறாரு. மூணு பேருக்கும் எல்லா நவீன சிகிச்சையும் கிடைச்சிருக்கு. எங்கதான் வித்தியாசம்?

ஒன்ராறியோ_பரமெடிக்:

வணக்கம். நான் ஒன்ராறியோவில அட்வான்ஸ்ட் கெயர் பரமெடிக், ஊர் வல்வெட்டித்துறை. வேலை முடிஞ்சு வந்து இந்த இழையை முழுக்க வாசிச்சன். கேள்வியன் கேட்டதுக்கு எங்கட மாகாணத்திலயே ஒரு பதில் இருக்கு.

தொண்ணூறுகளில இங்க அம்புலன்ஸில போற ஆக்கள் பெரும்பாலும் ஷொக் குடுக்கிறது, நெஞ்சை அமத்திறது, காத்துக் குடுக்கிறது மட்டும்தான் செய்தவை. தொண்டைக்குள்ள குழாய் வைக்கிறது, நாளத்தில மருந்து ஏத்திறது எல்லாம் பிறகு பழக்கினது. அப்ப ஓட்டாவாவில இருந்த டொக்டர்மார் ஒரு பெரிய ஆய்வு செய்தவை, ஓபல்ஸ் எண்டு பெயர், முடிவு 2004இல வந்தது. ஒன்ராறியோவில 17 நகரம், 5,638 ஆக்கள். ஷொக் கெதியாக் குடுக்கிற ஏற்பாடு மட்டும் இருந்த காலத்தில உயிரோட வீட்ட போனவை 5.0 வீதம். அதுக்கு மேல குழாயும் மருந்தும் சேர்த்தாப் பிறகு 5.1 வீதம். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வாட் வரைக்கும் உயிரோட போய்ச் சேர்ந்தவை 10.9இல இருந்து 14.6 ஆக் கூடினவை, ஆனா வீட்ட போனவை கூடேல்லை. நான் இந்த வேலைக்குப் படிக்கேக்க இதை முதல் முதலா வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் ஒழுங்கா நித்திரை கொள்ளேல்லை, நான் பழகுற வேலையே இதுதானே.

அதே ஆய்வில உயிரை அதிகம் காப்பாத்தினது எது தெரியுமா? விழேக்க பக்கத்தில ஒராள் பாத்தது, பாத்த ஆள் நெஞ்சை அமத்தினது, கெதியா ஷொக் குடுத்தது. இந்த மூண்டும்தான்.

இப்ப வாணி அக்காவின்ர கேள்விக்கு வாறன். அதே ஆக்கள் பிழைச்ச சனத்தை ஒரு வருசம் கழிச்சுப் போய்க் கண்டு கதைச்சவை, அது 2003இல வந்தது. இதயம் நிண்ட 8,091 பேரில ஆஸ்பத்திரியை விட்டு உயிரோட வெளிக்கிட்டவை 418 பேர். அதில ஒரு வருசத்தால கதைக்கக்கூடியதா இருந்த 268 பேரிட்ட பார்வை, கேள்வி, பேச்சு, நடை, கை வேலை, மனநிலை, ஞாபகம், நோ எண்டு எட்டு விசயம் கேட்டு ஒரு புள்ளி போட்டவை. 1 எண்டா முழுச் சுகம், 0 எண்டா சாவு. நடுப் புள்ளி 0.80. அதே வயசுச் சாதாரண சனத்துக்கு 0.83. ஆகலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிழைச்சாலும் மரக்கட்டையாத்தான் கிடப்பினம் எண்டு அப்ப கனபேர் நினைச்சதை அது மாத்தினது.

ஆனா நடுப் புள்ளி எண்டா பாதிப்பேர் அதுக்குக் கீழ. அந்தக் கீழ் பாதிக்குள்ளதான் எரிஞ்ச கேத்தில் எல்லாம் இருக்கு. அதோட, ஒரு வருசத்துக்குள்ள போய்ச் சேர்ந்தவையிட்ட ஒருத்தரும் போய்க் கேக்கேல்லை.

எரிக்சனுக்கு ஆள் விழுந்த உடன மைதானத்திலயே டொக்டர், உடன நெஞ்சை அமத்தினது, அங்கயே ஷொக். மூளை பட்டினி கிடக்கவே இல்லை எண்டு சொல்லலாம். அந்த 2003 ஆய்விலயும் இதேதான், பக்கத்தில நிண்ட பொதுசனம் சிபிஆர் செய்த ஆக்கள் மிக நல்ல வாழ்க்கைத்தரத்தோட இருக்கிற வாய்ப்பு மற்ற ஆக்களை விட ரெண்டு மடங்கு.

கேள்வியன்:

அப்ப அந்த ஊசி குழாய் எல்லாம் வீண்னு சொல்றீங்களா?

ஒன்ராறியோ_பரமெடிக்:

இல்லை. அந்த ஆய்வு நடந்த காலத்தில ஆஸ்பத்திரியில பிறகு நடக்கிற சிகிச்சை இண்டைக்கு இருக்கிற மாதிரி இல்லை, உடன அடைப்பு எடுக்கிறது, காய்ச்சல் வராமப் பாக்கிறது எல்லாம் பேந்து வந்தது. நாங்கள் ஆளை வாட் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தாத்தானே அங்க ஏதும் செய்யலாம். நான் குழாய் வைச்சு மருந்து ஏத்தித் திரும்பி வந்த ஆக்களைக் கண்ணால கண்டனான், வீண் எண்டு ஒருநாளும் சொல்லமாட்டன். ஆனா எங்கட பெட்டிக்குள்ள இருக்கிறது எதுவும், நாங்கள் வர முந்திப் போன நிமிசங்களைத் திருப்பித் தராது.

ஐசியூ_அக்கா (சென்னை):

இதோட ஒண்ணு சேர்க்கணும். இங்கிலாந்துல 2018ல வந்த ஆய்வு, இதயம் நின்ன 8,014 பேர், பாதிப் பேருக்கு இதயத்தை எழுப்பற அட்ரினலின் ஊசி, பாதிப் பேருக்கு வெறும் சலைன், அதாவது உப்புத் தண்ணி. ஒரு மாசம் கழிச்சு உயிரோட இருந்தவங்க அட்ரினலின் பக்கம் 3.2 சதவீதம், சலைன் பக்கம் 2.4. கொஞ்சம் கூடுதல்தான். ஆனா டிஸ்சார்ஜ் ஆனப்ப பிழைச்சவங்கள்ல கடுமையான மூளைப் பாதிப்போட இருந்தவங்க அட்ரினலின் பக்கம் 31 சதவீதம், சலைன் பக்கம் 17.8. மருந்து இதயத்தை எழுப்பும். மூளையை எழுப்பறது வேற.

திருச்சி மகளே, நீ கேட்டதை விட்டுட்டு ஆய்வு பேசிட்டு இருக்கேன்னு நினைக்காத. அமுக்கியிருந்தா வாய்ப்பு கூடியிருக்கும். அப்பா பேசியிருப்பாரான்னு யாராலயும் சொல்ல முடியாது, நல்லா அமுக்கியும் போனவங்களை நான் நிறைய பாத்திருக்கேன். உங்க நாலு பேருக்கும் யாரும் சொல்லிக் குடுக்கல, சொல்லிக் குடுக்காத ஒண்ணைச் செய்யலைன்னு உன்னை நீயே குத்திக்காத. இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் பொதுமக்களுக்குன்னே வாய் வெச்சு ஊதாம வெறும் நெஞ்சை மட்டும் அமுக்கற முறையைச் சொல்லித் தர்றாங்க, நிமிஷத்துக்கு 120 தடவை, ரெண்டு அங்குலத்துக்கு மேல உள்ள போற மாதிரி. சின்ன வகுப்புதான். உன் தெருவுல நீயே ஏற்பாடு பண்ணலாம், நான் வர்றேன், சென்னையிலிருந்து திருச்சி ஒரு ராத்திரி ரயில்தான்.

அம்மாவை வாரத்துல ஒரு நாளாவது வெளிய அனுப்பு. ஹோம் நர்ஸ் முடியலன்னா உங்க மாவட்டத்துல மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசுத் திட்டத்து ஆளுங்க வீட்டுக்கே வருவாங்க, வலிநிவாரண நர்ஸும் பிசியோவும் அதுல உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பதிஞ்சு வை. புண்ணை மட்டும் தள்ளிப் போடாத.

திருச்சி_மகள்:

அக்கா. நன்றி. வேற ஒண்ணும் எழுத வரல. நாளைக்கே போறேன்.

ஒன்ராறியோ_பரமெடிக்:

வாணி அக்கா, ஒரு கேள்வி கேக்கலாமே? உங்கட முதல் பதிவில, போனில சொல்லச் சொல்ல நெஞ்சை அமத்தினது எண்டு எழுதியிருக்கிறீங்கள். யார் அமத்தினது? 20 நிமிசம் இதயம் நிண்ட ஆள் 19 நாளில நடந்து வீட்ட வாறது எண்டா அந்தக் கை நல்லா வேலை செய்திருக்கவேணும்.

வாணி_ஸ்காபரோ:

என்ர மகன். அப்ப 17 வயசு. பள்ளிக்கூடத்தில ஒன்பதாம் வகுப்பில பழக்கினவை எண்டு பேந்து சொன்னவன்.

நான் கத்திக்கொண்டு நிண்டனான், வேற ஒண்டும் செய்யேல்லை. அவன்தான் போனைத் தங்கச்சியிட்டக் குடுத்து ஸ்பீக்கரில பிடிக்கச் சொல்லிட்டு அமத்தினவன். ஏதோ முறியிற சத்தம் கேட்டது. அவன் ஒருக்கா என்னை நிமிர்ந்து பாத்தான், நிப்பாட்டேல்லை. அம்புலன்ஸ் வர ஒன்பது நிமிசம்.

ஒன்ராறியோ_பரமெடிக்:

தம்பி இப்ப எப்பிடி இருக்கிறார்?

வாணி_ஸ்காபரோ:

இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

வாட்டர்லூவில கம்பசில இருக்கிறான். வீட்ட வாறது குறைவு. வந்தாலும் தகப்பன் இருக்கிற அறைக்குள்ள இருக்கமாட்டான். நான் பெடியன் வளந்திட்டான், தகப்பன்ட கோவத்துக்கு ஒதுங்கிறான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

ஒன்ராறியோ_பரமெடிக்:

அக்கா, இதைக் கட்டாயம் வாசியுங்கோ. நாங்கள் ஒரு அழைப்பு முடிஞ்சு போனா எங்களோட கதைக்க ஆள் இருக்கு, நிலையத்தில ஒரு ஏற்பாடு இருக்கு. உங்கட மகன் 17 வயசில பெத்த தகப்பன்ட விலா எலும்பை முறிச்சு ஒன்பது நிமிசம் தனியா நிண்டிருக்கிறான், அதுக்குப் பிறகு எல்லாரும் தகப்பனைப் பாக்க வந்திட்டுப் போயிருக்கினம். விலா எலும்பு முறியிறது பிழை இல்லை, அந்த ஆழத்துக்கு அமத்தினா பெரியவைக்கு அடிக்கடி முறியும். அவனுக்கு இதை ஒருத்தரும் சொல்லியிருக்கமாட்டினம். தான் பிழையாச் செய்ததாலதான் அப்பா இப்பிடி மறக்கிறார், கத்துறார் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறானோ தெரியாது.

நான் வேணுமெண்டா தம்பியோட கதைக்கிறன். உங்கட நகரத்தில வேலை செய்யேல்லை, அண்டைக்கு வந்த ஆள் நான் இல்லை. ஆனா வந்த ஆள் என்ன சொல்லியிருப்பார் எண்டு எனக்குத் தெரியும்.

சிங்கை_குமரன்:

அண்ணன் சொல்றது சத்தியம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல, என் வீட்டுக்காரிக்கு எல்லாம் ஞாபகம். மூணு வருஷம் கழிச்சுத்தான் சொன்னா, ராத்திரி என் நெஞ்சுமேல கை வெச்சுத்தான் தூங்கறேன்னு. நான் அது அன்புன்னு நினைச்சிட்டிருந்தேன். அது காவல் அக்கா.

வாணி_ஸ்காபரோ (ஆறு கிழமைக்குப் பிறகு):

எல்லாருக்கும் வணக்கம். கேட்டவைக்காக எழுதுறன்.

குடும்ப டொக்டரிட்டப் போய் ஐசியூ அக்கா சொன்ன அதே வார்த்தையில கேட்டனான். முதல் யோசிச்சார், பேந்து ஒரு ரெஸ்ற் வைச்சவர். மொன்றியல்ல செய்த ரெஸ்ற், தமிழிலயும் இருக்காம், மணிக்கூடு கீறச் சொல்லி, அஞ்சு சொல்லைச் சொல்லிக் குடுத்து அஞ்சு நிமிசத்தால திரும்பக் கேக்கிறது. 30க்கு 22. அஞ்சு சொல்லில ஒண்டுதான் ஞாபகம் வந்தது. காரில வரேக்க அவர் சொன்னார், எனக்குத் தெரியும் வாணி, எனக்கு ஏழு மாசமாத் தெரியும், விசராக்கிப் போடுவினம் எண்டு பயத்தில சொல்லேல்லை எண்டு. நான் காரை ஓரமா நிப்பாட்டினன்.

இப்ப மூளைப் பாதிப்புக்குப் பழக்கிற ஒரு ஒக்குப்பேஷனல் தெரப்பிஸ்ற் வாறா. நோட்டுப் புத்தகம், போனில அலாம், மத்தியானம் ஒரு மணிக்கே படுக்கை. கத்திறது குறைஞ்சிருக்கு. மாத்திரையின்ர நேரத்தை இரவுக்கு மாத்தினவை. இதயம் பம்ப் பண்ணுற அந்த சதவீதம் 52 எண்டு சொன்னவை, நான் குளிர்சாதனப்பெட்டியில எழுதி ஒட்டி வைச்சிருக்கிறன். கணக்கு வேலைக்குத் திரும்பப் போவாரோ எண்டு தெரியேல்லை, போகமாட்டார் எண்டுதான் எனக்குப் படுது, அதை இன்னும் அவரோட கதைக்கேல்லை.

மகன் பரமெடிக் தம்பியோட ஒன்றரை மணித்தியாலம் போனில கதைச்சவன். என்ன கதைச்சவை எண்டு நான் கேக்கேல்லை. போன சனிக்கிழமை வீட்ட வந்து, தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய்த் தகப்பனுக்குப் பக்கத்தில இருந்தான். இருந்திட்டுக் கேட்டான், அப்பா, நெஞ்சு இன்னும் நோகுதா எண்டு. அவர் சேர்ட்டை விலக்கி, இந்த இடம் மழைக்கு நோகும் எண்டு காட்டினார். பேந்து அண்டைக்கு என்ன நடந்தது, எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை, முதல்ல இருந்து சொல்லு எண்டு கேட்டார். அவன் சொன்னான். இரவு பத்து மணி வரைக்கும் சொன்னான். அடுத்தநாள் காலமை அவர் திரும்பவும் கேட்டார், மறந்திட்டார். அவன் திரும்பவும் முதல்ல இருந்து சொன்னான்.

வாற புதன்கிழமை இதய ரிஹாப் துவங்குது, கிழமைக்கு ஒருநாள் நடக்கப் பழக்கிறது. அவர் இன்னும் கார் ஓடுறதில்லை, மகன்தான் கொண்டுபோறன் எண்டு சொல்லியிருக்கிறான். திருச்சித் தங்கச்சி, அம்மா வெளிய போனவாவா? அப்பாவின்ர புண் எப்பிடி இருக்கு, ஒருக்கா எழுதுங்கோ.